யாரும் ஆளாத வலையின் ஒழுங்கு

மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நெட்வொர்க்கை நடத்துகிறது. ஓர் இணையதளத்தை அடைய மூன்றுக்குமே நேர்வழி உண்டு. ஆனால் ஏதோ ஒரு கணக்கில் முதலாவது நிறுவனத்துக்கு இரண்டாவதன் வழியாகப் போவது பிடித்திருக்கிறது. இரண்டாவதுக்கு மூன்றாவதன் வழி. மூன்றாவதுக்கு முதலாவதன் வழி. நிபந்தனை ஒன்றுதான்: பக்கத்து நிறுவனம் நேர்வழியில் போனால் அதன் பின்னால் போகலாம், அதுவே சுற்றிக்கொண்டு போகிறதென்றால் வேண்டாம், நம்முடைய நேர்வழியே போதும்.

முதலாவது நேர்வழியில் போகிறது என்போம். அதைப் பார்த்ததும் மூன்றாவது, முதலாவதன் பின்னால் போகும். மூன்றாவது சுற்றுவழிக்குப் போய்விட்டதால் இரண்டாவது தன் நேர்வழியைப் பிடிக்கும். இரண்டாவது நேர்வழியில் போவதைப் பார்த்ததும் முதலாவது, ‘இதற்குத்தானே காத்திருந்தேன்’ என்று அதன் பின்னால் போய்விடும். இப்போது முதலாவது நேர்வழியில் இல்லை. ஆகவே மூன்றாவது திரும்பும், அதைப் பார்த்து இரண்டாவது மாறும், அதைப் பார்த்து முதலாவது மறுபடி திரும்பும். இந்தச் சுழலுக்கு முடிவே கிடையாது. மூன்று பேரும் தத்தமக்கு நல்லது என்று பட்டதைத்தான் செய்தார்கள். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வழி நிலைகொள்ளவே கொள்ளாது.

இது பொழுதுபோக்கு விடுகதை இல்லை. இணையம் என்று நாம் ஒருமையில் சொல்வது, இன்று 70,000-க்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் கைகோத்து நிற்கும் கூட்டம். தொலைபேசி நிறுவனம் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று, வங்கி ஒன்று, கூகுள் ஒன்று என்று ஒவ்வொன்றும் தனி முதலாளி, தனிக் கணக்கு. ‘இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்’ என்று இவை தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் மொழிக்கு பிஜிபி என்று பெயர். 1989 ஜனவரியில் யாக்கோவ் ரெக்டர், கிர்க் லொஹீட் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு மாநாட்டின் சாப்பாட்டு மேசையில், கைதுடைக்கும் காகிதத்தில் கிறுக்கி உருவாக்கியது அது. கேட்ட வழிகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள், யாரிடம் வேண்டுமானாலும் சொல், சொல்லாமலும் இரு என்று பிஜிபி எல்லோருக்கும் முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டது. போட்டி நிறுவனங்களை ஒரே வலைக்குள் சேர்க்க அதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

அந்தச் சுதந்திரத்துக்குள் மேலே சொன்ன சுழல் ஒளிந்திருக்கிறது என்பதை 1996-இல் கண்ணன் வரதன், ரமேஷ் கோவிந்தன், டெபோரா எஸ்ட்ரின் மூவரும் எடுத்துக்காட்டினார்கள். 1999-இல் டிம் கிரிஃபினும் கார்டன் வில்ஃபாங்கும் இன்னொரு படி போனார்கள். எல்லா நிறுவனங்களின் விருப்பங்களையும் ஒரே இடத்தில் கொட்டிக் கொடுத்தாலும், இவை நிலைகொள்ளுமா, சுழலுமா என்று சரிபார்ப்பதே கணினிக்கு மிகக் கடினமான கணக்கு என்று நிறுவினார்கள். எந்த நிறுவனம் தன் விருப்பத்தை வெளியே சொல்லும்? அவை தொழில் ரகசியங்கள். சரிபார்க்கவும் முடியாது, சரிபார்க்கத் தகவலும் கிடைக்காது. அப்படியானால் இணையம் எப்படி இத்தனை காலம் நிலைத்து நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை சொன்ன இருவரில் ஒருவர் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட். அப்போது அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் இல்லை. ஒரு டெலிபோன் கம்பெனியின் ஊழியர்.

நியூஜெர்சியில் ஓர் ஆய்வகம்

ரெக்ஸ்ஃபோர்ட் 1991-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1996-இல் முனைவர் பட்டம். அங்கே அவர் ஆராய்ந்தது இணையத்தை அல்ல. பல செயலிகள் ஒன்றாக வேலை செய்யும் கணினிகளுக்குள்ளே தகவலைக் கடத்தும் ரவுட்டர் சில்லுகளின் வடிவமைப்பை. ஒரு பெட்டிக்குள் எல்லாம் அடங்கிய, ஒரே முதலாளி உள்ள, ஒழுங்கான உலகம் அது.

பட்டம் வாங்கிய அதே ஆண்டு நியூஜெர்சியில் உள்ள ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் சேர்ந்தார். அது அந்த நிறுவனம் மூன்றாக உடைந்த ஆண்டு. டிரான்சிஸ்டரும் யூனிக்ஸும் பிறந்த பெல் ஆய்வகம் லூசென்ட் என்ற புதிய நிறுவனத்தோடு போய்விட்டது. ஏடி அண்ட் டியோடு தங்கிய ஆய்வாளர்களைக் கொண்டு புதிதாக ஓர் ஆய்வகம் எழுந்தது. கருவி செய்பவர்கள் லூசென்ட் பக்கம் போக, இந்தப் பக்கம் மிஞ்சியது கருவிகளை வாங்கி நெட்வொர்க் ஓட்டும் கம்பெனி. இந்த விவரம் முக்கியம் என்று நினைக்கிறேன். ரவுட்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தால் அவர் அடுத்த ரவுட்டரை எப்படி வேகமாக்குவது என்று யோசித்திருப்பார். ரவுட்டரை வாங்கி ஓட்டும் கம்பெனியில் சேர்ந்ததால், இதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தின் சங்கடத்தை இன்று புரிந்துகொள்வது கடினம். தொலைபேசி நெட்வொர்க்கில் ஒவ்வோர் அழைப்பும் யாரிடமிருந்து யாருக்கு என்று ஸ்விட்சுக்குத் தெரியும். பில் போட வேண்டுமே! அதனால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் எவ்வளவு பேச்சு ஓடுகிறது என்ற அட்டவணை எப்போதும் கையில் இருக்கும். இணையத்தில் அப்படி எதுவும் இல்லை. வந்த தகவல் பாக்கெட்டைப் போகவேண்டிய முகவரி பார்த்துத் தள்ளிவிட்டு ரவுட்டர் அடுத்ததற்குப் போய்விடும். ஒரு லிங்க் நிரம்பி வழிகிறது என்பது தெரியும். அதில் ஓடுவது எங்கிருந்து வந்து எங்கே போகும் சரக்கு என்பது தெரியாது. நூறாண்டுகளாக அழைப்புகளை எண்ணிப் பழகிய கம்பெனிக்குத் தன் புதிய நெட்வொர்க்கில் என்ன ஓடுகிறது என்றே சொல்லத் தெரியவில்லை.

ரெக்ஸ்ஃபோர்டும் உடன் பணிபுரிந்தவர்களும் அந்த அட்டவணையைப் பின்வாசல் வழியாகக் கட்டி எழுப்பினார்கள். நெட்வொர்க்கின் ஓரத்தில், சரக்கு நுழையும் லிங்க்குகளில் அளவெடுத்தார்கள். ஒவ்வொரு முகவரிக்கும் சரக்கு எந்தெந்த வாசல் வழியாக வெளியேறலாம் என்பதை ரவுட்டர்களின் வழி அட்டவணைகளிலிருந்து எடுத்தார்கள். இரண்டையும் பொருத்தி, இங்கே நுழைந்து அங்கே வெளியேற விரும்பும் சரக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அஞ்சா ஃபெல்ட்மன், ஆல்பர்ட் கிரீன்பெர்க் உள்ளிட்டோரோடு சேர்ந்து அவர் எழுதிய அந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டின் சிக்காம் மாநாட்டில் வெளியானது. நெட்வொர்க் ஆய்வாளர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை இல்லை.

தலைப்பிலேயே ‘இயங்கிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்’ என்ற பொருள்படும் சொல் இருந்தது. அவருடைய அந்தக் காலத்து ஆய்வுகள் பலவற்றின் உள்ளேயும் அது உண்டு. சோதனைக்கூடத்தில் பத்து கணினிகளை இணைத்து எழுதியவை அல்ல அவை. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, கை வைத்தால் ஆயிரம் தொலைபேசி அழைப்புகளில் புகார் வரக்கூடிய நெட்வொர்க்கைப் பற்றியவை.

அந்த நெட்வொர்க்கை ஓட்டிய பொறியாளர்களின் கையில் இருந்த ஆயுதம் என்ன? ஒவ்வொரு லிங்க்குக்கும் ஓர் எண். எடை என்று சொல்வார்கள். எடைகளைக் கூட்டிப் பார்த்து, மொத்தம் குறைவான வழியில் ரவுட்டர் பாக்கெட்டை அனுப்பும். ஒரு லிங்க்கில் நெரிசல் என்றால் அதன் எடையைக் கூட்டுவார்கள். சரக்கு வேறு பக்கம் திரும்பும். அந்த வேறு பக்கம் நிரம்பிவிட்டால்? அதன் எடையையும் கூட்டுவார்கள். பழுத்த அனுபவம் உள்ளவர்கள் மனக்கணக்கில் செய்த வேலை இது. ஆனால் நூற்றுக்கணக்கான லிங்க்குகள் வந்த பிறகு மனக்கணக்கு தாங்காது. ரெக்ஸ்ஃபோர்ட் குழுவின் நெட்ஸ்கோப் என்ற கருவி, ‘இந்த எடையை இப்படி மாற்றினால் என்ன ஆகும்?’ என்பதைத் திரையிலேயே காட்டியது. நிஜ நெட்வொர்க்கில் கை வைப்பதற்கு முன் தவறு செய்து பார்க்க ஓர் இடம் கிடைத்தது. எந்த எடைகளைப் போட்டால் சரக்கு நன்றாகப் பரவும் என்று கணினியே தேடும் முறையை பெர்னார்ட் ஃபோர்ட்ஸ், மிக்கேல் தோரப் இருவரும் உருவாக்க, அவர்களோடு சேர்ந்து 2002-இல் அவர் அதை நெட்வொர்க் ஓட்டுபவர்களுக்குப் புரியும்படி எழுதினார்.

அதே ஆண்டு வெளியான இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். பிஜிபியில் ஓயாமல் வழி மாறிக்கொண்டே இருக்கிறது, இணையம் தள்ளாடுகிறது என்று அப்போது எல்லோரும் அஞ்சினார்கள். மாற்றச் செய்திகள் மலைபோல் குவிவது உண்மைதான். ஆனால் ரெக்ஸ்ஃபோர்ட் குழு கேட்டது வேறு கேள்வி: மாறும் வழிகளில் சரக்கு ஓடுகிறதா? அளந்து பார்த்தால், மக்கள் அதிகம் செல்லும் இடங்களுக்கான வழிகள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அசையாமல் இருந்தன. ஆட்டம் போட்டவை பெரும்பாலும் யாரும் அதிகம் போகாத ஒரு சில முகவரிகள். ரவுட்டர்கள் போடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது தெரியாது. சரக்கும் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காசு கொடுப்பவர், காசு வாங்குபவர்

இனி அந்த மூன்று நிறுவனங்களின் சுழலுக்கு வருவோம்.

லிஷின் காவோ மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர். அவரும் ரெக்ஸ்ஃபோர்டும் 2000-இல் ஒரு மாநாட்டிலும், பிறகு விரிவாக 2001 டிசம்பரில் ஓர் ஆய்விதழிலும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘உலகளாவிய ஒருங்கிணைப்பு இல்லாமலே நிலையான இணைய வழித்தடம்’. கணித நிரூபணம் கொண்ட கட்டுரைதான். ஆனால் அதன் உயிர் கணிதத்தில் இல்லை, கடை வியாபாரத்தில் இருக்கிறது.

இரண்டு நெட்வொர்க்குகள் கைகோத்தால் அவற்றுக்கிடையே பெரும்பாலும் இரண்டு உறவுகளில் ஒன்று இருக்கும். ஒன்று, வாடிக்கையாளர் உறவு: சிறியது பெரியதுக்குக் காசு கொடுத்து உலகத்தோடு இணைப்புப் பெறும். மற்றது, சரிசமமானவர்களுக்கு இடையிலான பியரிங்: உன் வாடிக்கையாளர்களை என் வாடிக்கையாளர்கள் அடையட்டும், என் வாடிக்கையாளர்களை உன்னவர்கள் அடையட்டும், காசு பேச்சே வேண்டாம் என்ற கொடுக்கல் வாங்கல்.

இந்த உறவுகளில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைச் சொல்ல உளவாளி வேண்டாம். ஒரே இடத்துக்கு மூன்று வழி இருந்தால், காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வழியாகப் போவதையே எந்த நிறுவனமும் விரும்பும். அந்த லிங்க்கில் சரக்கு ஓடினால் வருமானம். சமமானவர் வழி இலவசம். மேலே இருப்பவர் வழியாகப் போனால் நாம் காசு கொடுக்க வேண்டும். அதேபோல, ஒரு சமமானவரிடமிருந்து கேட்ட வழியை இன்னொரு சமமானவரிடம் சொல்வதில் லாபம் இல்லை. இரண்டு பக்கமும் காசு வாங்காமல் நடுவில் நின்று மூட்டை சுமக்க யார் வருவார்கள்?

மூன்றாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. அ என்ற நிறுவனம் ஆ-வின் வாடிக்கையாளர், ஆ-வோ இ-யின் வாடிக்கையாளர் என்றால், இ திரும்பி வந்து அ-வின் வாடிக்கையாளராக இருக்காது. உள்ளூர் நிறுவனம் மாநில நிறுவனத்திடமும், அது தேசிய நிறுவனத்திடமும் வாங்கும். தேசிய நிறுவனம் உள்ளூர் நிறுவனத்திடம் இணைப்பு வாங்காது. பேரன் தாத்தாவுக்குத் தாத்தாவாக முடியாது.

காவோவும் ரெக்ஸ்ஃபோர்டும் காட்டியது இதுதான்: இந்த மூன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னளவில் கடைப்பிடித்தால் போதும், மொத்த இணையமும் நிலைகொள்ளும். யாரும் யாரிடமும் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒரு மத்திய அதிகாரம் தேவையில்லை. ஒரு லிங்க் அறுந்தாலும், புதிய நிறுவனம் சேர்ந்தாலும், வலை தானே புதிய நிலைக்கு வந்து அமரும். தொடக்கத்தில் பார்த்த அந்த வட்டச் சுழல் உண்டாக வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் அடுத்தவரைத் தன் வாடிக்கையாளரைப் போல விரும்பியாக வேண்டும். வாடிக்கையாளர் சங்கிலி வட்டமாக முடியாது என்ற பிறகு அந்தச் சுழலுக்கு இடமே இல்லை.

இதில் அழகு எங்கே இருக்கிறது என்றால், அவர்கள் ஒரு புதிய சட்டத்தை எழுதி உலகத்தைக் கீழ்ப்படியச் சொல்லவில்லை. நிறுவனங்கள் காசுக்காக ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை உற்றுப் பார்த்து, அதற்குள் இருந்த ஒழுங்குக்கு நிரூபணம் கொடுத்தார்கள். கிரிஃபினும் வில்ஃபாங்கும் சொன்னது பொய்யாகிவிடவில்லை. எந்த விருப்பமும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் அது கடினமான கணக்குதான். ஆனால் மனிதர்கள் எந்த விருப்பத்தையும் வைத்துக்கொள்வதில்லை, பில் கட்டுகிறவரையே விரும்புகிறார்கள். வணிக ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் கட்டடத்துக்குள் ஆய்வகம் இருந்தது இதற்கு உதவியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறை இந்த மூன்று விதிக்குள் முழுதும் அடங்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முக்கிய லிங்க் அறுந்தால் மட்டும் பயன்படுத்தும் மாற்று வழி இந்த விதிகளை மீறும். அதையும் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று கிரிஃபினையே சேர்த்துக்கொண்டு மூவரும் 2001-இல் எழுதினார்கள். இன்று நெட்வொர்க் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு இந்த விதிகள் காவோ–ரெக்ஸ்ஃபோர்ட் என்ற பெயரிலேயே அறிமுகமாகின்றன. 35 வயதுக்குள் பெரும் பங்களிப்புச் செய்தவர்களுக்கான கிரேஸ் மரே ஹாப்பர் விருதின் 2004-ஆம் ஆண்டுக்குரியது ரெக்ஸ்ஃபோர்டுக்குக் கிடைத்தது. 2019-இல் ஐஇஇஇ அமைப்பின் இணைய விருதும் வழித்தட நிலைத்தன்மைக்கான பணிக்காகவே வந்தது.

பெட்டியிலிருந்து மூளையை எடுத்தல்

நிலைத்தன்மை வந்தது சரி. ஒரு நிறுவனத்துக்குள்ளேயே வேறொரு தலைவலி தீரவில்லை. நூற்றுக்கணக்கான ரவுட்டர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவெடுக்கிறது. பொறியாளருக்கு வேண்டியது, ‘இந்த வாடிக்கையாளரின் சரக்கு அந்த வாசல் வழியாகப் போகட்டும்’ என்ற ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவர் ஒவ்வொரு பெட்டியாக நுழைந்து, கன்ஃபிகரேஷன் கட்டளைகளை மாற்றி, எல்லாம் சேர்ந்து தான் நினைத்ததைச் செய்யும் என்று நம்ப வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தவரை, ஸ்டியரிங் இல்லாமல் நாலு டயரையும் தனித்தனியே திருப்பச் சொல்வதுபோல.

2004-இல் ரெக்ஸ்ஃபோர்ட், நிக் ஃபீம்ஸ்டர், ஹரி பாலகிருஷ்ணன், அமன் ஷேக், யாக்கோபஸ் வான் டெர் மெர்வ ஆகியோர் எழுதிய சிறு கட்டுரை வழித்தடத் தீர்மானத்தை ரவுட்டரிலிருந்து பிரித்துவிடலாம் என்று வாதிட்டது. முடிவெடுக்கும் மூளை ஒரு சாதாரணக் கணினியில் இருக்கட்டும். அது நெட்வொர்க் முழுவதையும் பார்த்து, ஒவ்வொரு ரவுட்டருக்கும் அது பின்பற்ற வேண்டிய வழியைச் சொல்லிவிடட்டும். அதிலே ஒரு சாமர்த்தியம்: அந்த மூளை ரவுட்டர்களிடம் அவற்றுக்கு ஏற்கெனவே தெரிந்த பிஜிபியிலேயே பேசியது. ரவுட்டரைப் பொறுத்தவரை, பக்கத்து ரவுட்டர் ஒன்று வழி சொல்கிறது, அவ்வளவுதான். ஒரு பெட்டியைக்கூட மாற்ற வேண்டாம். கோடிக்கணக்கான டாலர் கருவிகளை ஏற்கெனவே வாங்கிப் போட்டிருக்கும் கம்பெனிக்குள் இருந்தவர்களுக்கே இந்த நிபந்தனை முதலில் தோன்றும்.

2005-இல் அவர் பிரின்ஸ்டனுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். எட்டு ஆண்டுகளுக்கும் மேலான கம்பெனி வேலை முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பழைய சகாக்களோடும் கார்னகி மெலன் ஆய்வாளர்களோடும் வெளியிட்ட கட்டுரை, முன்பு காட்டிய அடக்கத்தைக் கைவிட்டது. இருக்கும் ரவுட்டர்களை மறந்துவிடுங்கள், வெற்றுத்தாளில் தொடங்கினால் நெட்வொர்க் கட்டுப்பாட்டை எப்படி அமைப்போம் என்று கேட்டது. பெட்டி, பாக்கெட்டைத் தள்ளும் வேலையை மட்டும் செய்யட்டும், மற்ற எல்லாம் வெளியே வரட்டும் என்றது. கம்பெனிக்குள் கண்ட நோய்க்குப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய மருந்துச் சீட்டு அது.

பிறகு நடந்தது கணினித் துறையில் பலருக்கும் தெரியும். 2008-இல் ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோன் தலைமையில் எட்டுப் பேர் வெளியிட்ட ஓப்பன்ஃப்ளோ முன்மொழிவில் ரெக்ஸ்ஃபோர்டும் ஒருவர். ஸ்விட்சுக்குள் இருக்கும் அட்டவணையை வெளியிலிருந்து ஒரு மென்பொருள் நிரப்பட்டும் என்ற எளிய யோசனை. அதைச் சுற்றி ஓர் இயக்கமே வளர்ந்தது, மென்பொருளால் வரையறுக்கப்பட்ட நெட்வொர்க் என்று பெயர். கூகுள் தன் டேட்டா சென்டர்களை உலகளவில் இணைக்கும் நெட்வொர்க்கை இந்த முறையில் நடத்துவதாக 2013-இல் வெளிப்படையாகவே எழுதியது. அந்த அலையில் எழுந்த நிசிரா என்ற சிறு நிறுவனத்தை 2012-இல் விஎம்வேர் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ரெக்ஸ்ஃபோர்ட் அடுத்த வலியைப் பார்த்துவிட்டார். ஸ்விட்சின் அட்டவணையை யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதி நிரப்பலாம், சரி. இரண்டு பேர் எழுதினால்? ஒரு நிரல் பாக்கெட்டுகளை வழியனுப்புகிறது. இன்னொன்று இணையப் பக்கங்களுக்கான பாக்கெட்டுகளை மட்டும் எண்ணுகிறது. இரண்டும் தத்தம் விதிகளை அதே அட்டவணையில் எழுதினால், ஒன்றின் விதி மற்றதை மறைக்கும். எண்ணத் தொடங்கினால் வழி அறும், வழி விட்டால் எண்ணிக்கை அறும். தனித்தனியே இரண்டும் சரியான நிரல்கள், சேர்த்தால் தவறு. மூன்று நிறுவனங்களின் கதை வேறு வேடத்தில் வந்து நிற்பதுபோல இருக்கிறது எனக்கு.

இதற்கு மருந்து நெட்வொர்க் துறையில் இல்லை. நிரல் மொழி ஆராய்ச்சியாளரான டேவிட் வாக்கர் அதே பிரின்ஸ்டன் துறையில் இருந்தார். ரெக்ஸ்ஃபோர்டும் அவரும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் நேட் ஃபாஸ்டரும், மாணவர்களும் சேர்ந்து ஃப்ரெனெட்டிக் என்ற மொழியை உருவாக்கினார்கள். எழுதுபவர் வழியனுப்புவதைத் தனியே, எண்ணுவதைத் தனியே எழுதலாம். இரண்டும் முரண்படாத விதிகளாக அவற்றைப் பிணைப்பது மொழியின் பொறுப்பு. 2011-இல் அந்த ஆய்வு வெளியான மாநாடு நிரல் மொழிக்காரர்களுடையது. ரவுட்டர் சில்லில் தொடங்கிய ஒருவர் அங்கே போய் நின்றதைப் பல்கலைக்கழகம் தரக்கூடிய பெரிய வசதியாக நினைக்கிறேன். காலாண்டுக் கணக்குப் பார்க்கும் எந்தக் கம்பெனி இதற்கு நேரம் கொடுக்கும்?

2014-இல் பி4 வந்தது. அட்டவணையை மட்டுமா வெளியிலிருந்து நிரப்ப வேண்டும்? பாக்கெட்டின் தலைப்பை எப்படிப் படிப்பது என்பதையே சில்லுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற மொழி. அதை எழுதியவர்களின் பட்டியலில் ரெக்ஸ்ஃபோர்டோடு பல்கலைக்கழகத்துக்காரர்கள், கூகுளின் அமின் வாதத், மைக்ரோசாஃப்டில் இருந்த ஜார்ஜ் வர்கீஸ், சில்லு செய்யும் நிறுவனத்தார் என்று இரு கரையினரும் கலந்தே இருக்கிறார்கள். அதற்கென்றே சில்லு செய்த பேர்ஃபுட் நிறுவனத்தை இன்டெல் 2019-இல் வாங்கியது. சில ஆண்டுகளில் அந்தச் சில்லு வரிசையின் அடுத்த தலைமுறைகளை நிறுத்தியும்விட்டது. தொழில்துறைக் கரை எப்போதும் உறுதியான நிலமாக இருப்பதில்லை. மொழி நிற்கிறது. பாடமாகவும் ஆய்வுக் கருவியாகவும் பல இடங்களில் புழங்குகிறது.

வழி சொல்பவர் பொய் சொன்னால்

காவோ–ரெக்ஸ்ஃபோர்ட் விதிகள் தொடாத இடம் ஒன்று உண்டு. எல்லோரும் சுயநலத்தோடு இருக்கலாம், வலை நிலைகொள்ளும். ஆனால் ஒருவர் பொய் சொன்னால்?

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடை செய்யச் சொன்னது. நாட்டுக்குள் யாரும் அங்கே போகாதபடி, யூடியூபின் 256 முகவரிகள் என்னிடம் இருக்கின்றன என்று பாகிஸ்தான் டெலிகாம் தன் ரவுட்டர்களில் போட்டது. அந்த அறிவிப்பு நாட்டு எல்லையோடு நிற்காமல் ஹாங்காங்கில் இருந்த அதன் இணைப்பு நிறுவனம் வழியாக உலகத்துக்குப் பரவிவிட்டது. யூடியூப் தன் 1,024 முகவரிகளை மொத்தமாக ஒரே அறிவிப்பில் சொல்லிவந்தது. குறுகலான முகவரி அறிவிப்பைத்தான் ரவுட்டர் நம்பும் என்பதால், உலகத்தின் யூடியூப் சரக்கு பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகத்தில் யூடியூப் இல்லை. அது கைத்தவறு. வேண்டுமென்றே செய்பவர்கள் எதைக் குறிவைப்பார்கள்?

வங்கியின் தளத்தைத் திறக்கும்போது முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி தெரிகிறதே, அதன் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. இந்தத் தளம் இன்னாருடையது என்று சான்று வழங்கும் நிறுவனம் கையெழுத்திட்ட பத்திரம் அது. கேட்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று அந்த நிறுவனம் எப்படித் தெரிந்துகொள்கிறது? ‘இந்த ரகசியச் சொல்லை உன் தளத்தில் வை’ என்று சொல்லிவிட்டு, தளத்துக்குப் போய்ப் பார்க்கிறது. அந்தப் பார்வையும் பாக்கெட்டாகத்தான் போகிறது. பிஜிபி சொல்லும் வழியில்தான் போகிறது. வழியைச் சில நிமிடங்கள் திருப்பிவிட்டால், சொல்லை வைத்தவன் திருடனாக இருந்தாலும் அசல் சான்றிதழ் அவன் கைக்கு வந்துவிடும். பூட்டு அசல், சாவி திருடனிடம்.

பிரதீக் மித்தல், ரெக்ஸ்ஃபோர்ட் உள்ளிட்ட பிரின்ஸ்டன் குழு இதைத் தங்களுடைய சொந்தத் தளங்களின் மீதே, நிஜ இணையத்தில், யாருக்கும் பாதிப்பில்லாமல் செய்து பார்த்தது. ஐந்து முன்னணிச் சான்று நிறுவனங்களிடம் முயன்றார்கள். ஐந்துமே ஏமாந்தன. 2018-இல் வெளியான அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ஓர் இளநிலை மாணவர். பெயர்களின் வரிசையில் பேராசிரியர்கள் பின்னால் நிற்கிறார்கள்.

தீர்வும் அதிலேயே இருந்தது. ஒரே இடத்திலிருந்து பார்க்காதே, உலகின் பல மூலைகளிலிருந்து பார். ஒரு திருடன் ஒரு பக்கத்து வழியைத் திருப்பலாம். எல்லாப் பக்கத்து வழிகளையும் ஒரே நேரத்தில் திருப்புவது மிகவும் கடினம். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் இந்த முறையை 2020 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் பிஜிபியை மாற்றச் சொல்லவில்லை, ரவுட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இருக்கும் வலையை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு அதற்கு மேலே ஒரு காவல். 2004-இல் பழைய ரவுட்டர்களிடம் அவற்றின் மொழியிலேயே பேசிய அதே கைதான் இது.

2015-இல் பிரின்ஸ்டன் கணினி அறிவியல் துறையின் தலைவரானார் ரெக்ஸ்ஃபோர்ட். 2016-இல் பெண் ஆய்வாளர்களுக்கான ஏதீனா விருது, 2018-இல் சிக்காம் விருது, 2020-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர் தகுதி. 2023 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட் ஆனார். கல்விப் பொறுப்பும் வரவுசெலவுப் பொறுப்பும் ஒருசேர வந்து விழும் நாற்காலி அது. எந்தத் துறைக்கு எவ்வளவு, எந்தக் கட்டடம் முதலில் என்று, தனித்தனி விருப்பம் கொண்ட பலரை ஒரே கூரையின் கீழ் நிலைகொள்ளச் செய்யும் வேலை.

பல மூலைகளிலிருந்து பார்த்துச் சரிபார்க்கும் அந்த முறையை எல்லாச் சான்று நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க, பிரவுசர் நிறுவனங்களும் சான்று நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பு 2024-இல் வாக்களித்தது. 2025 செப்டம்பர் 15 முதல், பல இடங்களிலிருந்து பார்த்த சாட்சியங்கள் ஒத்துப்போகாவிட்டால் சான்றிதழ் வழங்கக் கூடாது.